போட்டித் தேர்வுகளில் தமிழ்: எல்லிஸ் கல்லூரி முதல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வு வரை

தமிழ் இலக்கியம் படிப்பதால் என்ன வேலை கிடைக்கும் என்னும் வினாவை எதிர்கொள்ளாத தமிழாசிரியர் இந்நாட்டில் இருக்க முடியாது. எஸ்.பி.எம். தேர்வுக்கு இலக்கியத்தைப் பாடமாக எடுக்கச் சொல்லும்போது மாணவர் கேட்பதற்கு முன்பே பெற்றோர் இவ்வினாவை எழுப்பிவிடுகின்றனர். அண்மையில் ஆசிரியர் பட்டறை ஒன்றில் இதன் மறுபக்கத்தை ஓர் ஆசிரியர் நம்மிடம் கேட்டார்: தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எழுதி ஆட்சிப் பணிக்குள் நுழையும் வழி உலகில் எங்கேனும் உண்டா? உண்டு என்றோம். அது எவ்வாறு அமைந்துள்ளது, அதன் வரலாறு யாது, அதனால் தமிழுக்கு நேர்ந்தது என்ன என்று அவர் தொடர்ந்து கேட்டபோது, நின்றவாறே விடை சொல்லிவிட இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையை எழுத்தில் தர முற்படுகிறது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆட்சிப் பணித் தேர்வு பற்றிப் பேசப்படும் மேடைகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிப் போட்டித் தேர்வு தமிழர் கண்டது என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகள் இரண்டு. 919ஆம் ஆண்டிற்குரியது ஒன்று. அதைத் திருத்தி 921இல் வெட்டப்பட்டது மற்றொன்று. சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை வாரிய உறுப்பினர்க்குரிய தகுதிகளாக இரண்டாம் கல்வெட்டில் வகுக்கப்பட்டன. கல்வி மிக்கவர்க்கு நில அளவில் சலுகை உண்டு. கணக்குக் காட்டாதவர்க்கு இடமே இல்லை. ஆயினும் தகுதி பெற்றோர் பெயர்களை ஓலையிலிட்டுக் குடத்திலிருந்து எடுக்கும் முறை திருவுளச்சீட்டேயன்றித் தேர்வு அன்று. அறிவை எழுத்தில் அளந்து, வரிசைப்படுத்தி, மேலிருப்போர்க்குப் பதவி தரும் முறையை நெடுங்காலம் பேணியவர் சீனர். 1905இல் அதை ஒழித்தவரும் அவரே. நமக்கில்லாத பெருமையை நாம் சுமக்க வேண்டியதில்லை. உண்மையில் நடந்ததே போதிய அளவு சுவையானது.

துரைமார் எழுதிய தமிழ்த் தேர்வு

தமிழ் அரசுப் பணித் தேர்வுக்குரிய பாடமானபோது அத்தேர்வை எழுதியவர் தமிழரல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்களுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தோன்றியது. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. இதனை வடிவமைத்தவர் சென்னை மாவட்ட ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். கம்பெனி இயக்குநரின் பரிந்துரையால் பணி பெற்று, கப்பலேறி வந்திறங்கிய இளைஞர் இக்கல்லூரியில் தமிழோ தெலுங்கோ வேறு மொழியோ கற்றுத் தேர்வு எழுதவேண்டும். தேறினால் ஊதியம் உயரும். தேறும்வரை பொறுப்பான பதவி கிட்டாது. அதாவது, பணி முன்னே; தேர்வு பின்னே.

அத்தேர்வுக்குப் பாடநூல் வேண்டியிருந்தது. செய்யுள் நூல்களுக்குக் குறைவில்லாத மொழியில், வெள்ளைக்கார இளைஞன் படித்துணரத்தக்க எளிய உரைநடை நூல்கள் அரிதாக இருந்தன. கல்லூரி தனக்கென அச்சகம் வைத்துக்கொண்டது. தமிழ்ப் புலவர்களைப் பணியில் அமர்த்தியது. அங்குத் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் வெளியிட்டார். தமிழ் உரைநடையின் வளர்ச்சியை எழுதுவோர் அந்நூலைத் தவிர்ப்பதில்லை. ஆனால் அந்நூல் தோன்றிய சூழலில் ஒரு தேர்வு மணி ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை நாம் வகுப்பறையில் போதிய அளவு சொல்வதில்லை.

எல்லிஸின் பணியும் அவ்வாறே. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, அவை தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதை அவர் 1816இல் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்திற்குத் தந்த முன்னுரைக் குறிப்பில் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததோ 1856இல். எந்தெந்த மொழிகளை எவ்வகையில் அலுவலர்க்குக் கற்பிப்பது என்னும் நடைமுறைச் சிக்கலை ஆராயப் புகுந்தவர் மொழிக்குடும்பம் ஒன்றைக் கண்டுகொண்டார். திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கிய அவர் அதை முடிக்காமலே 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் காலத்தில் வெளியிடப்பட்ட, வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசைப் பின்னாளில் ஆராய்ந்து எழுதிய ஐராவதம் மகாதேவனும் ஆட்சிப் பணியாளரே. வேதியியலும் சட்டமும் படித்து 1954இல் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்த அவர்தாம் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூவரின் பெயர்களைப் படித்துச் சங்க காலக் கணிப்புக்கு உறுதியான சான்று ஒன்றைத் தந்தார்.

கல்லூரி 1854இல் மூடப்பட்டது. அதற்குள் இலண்டனில் காற்று மாறியிருந்தது. 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இயக்குநர்களின் பரிந்துரை உரிமையை நீக்கியது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் அறிக்கை தந்தது. 1855இல் முதற் போட்டித் தேர்வு நடந்தது. அனைவர்க்கும் திறந்த தேர்வு என்பது பெயர். ஆனால் கதவு எங்குத் திறந்திருந்தது என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டும். கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. சமற்கிருதத்திற்கு 375, அரபுக்கு 375. தமிழ் அப்பட்டியலிலேயே இல்லை. தேர்வு நடந்த இடம் இலண்டன். உயர் வயதெல்லை 1855இல் 23. அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1878இல் 19 ஆனது. பத்தொன்பது வயதிற்குள் கடல் கடந்து சென்று, அயல்மொழியில் ஆங்கிலேய இளைஞரோடு போட்டியிட வேண்டும். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார் எனினும், அவரைத் தொடர்ந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1885இல் கூடிய முதற் காங்கிரசு மாநாடே இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே வேளையில் தேர்வு நடத்தக் கோரிற்று. அக்கோரிக்கை நிறைவேற 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காலத்திலும் தமிழ் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தது. தேர்வில் வென்று சென்னை மாகாணத்திற்கு ஒதுக்கப்பட்ட பயிற்சியாளர் தமிழ் கற்றாக வேண்டும். அவர்களுக்குக் கற்பிக்கவே ஆக்சுபோர்டில் ஜி.யு. போப் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக அமர்ந்தார். அங்கிருந்தவாறே 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல்கலைக்கழகத் தமிழ்ப் பணிகளில் ஊதியம் பெறும் நம் போன்றோர், அப்பணியிடங்களுள் ஒன்று குடிமைப் பணித் தேர்வின் நிழலில் முளைத்தது என்பதை நினைவிற் கொள்வது தகும்.

மலாயாவின் நிலை

மலாயாக் குடிமைப் பணி இதே தேர்வின் கிளை. 1896 முதல் இந்தியக் குடிமைப் பணி, பிரிட்டனின் உள்நாட்டுப் பணி, கீழைக் குடியேற்ற நாடுகளின் பயிற்சி அலுவலர் பணி ஆகிய மூன்றிற்கும் இலண்டனில் ஒரே தேர்வு நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வருவோர் ஐரோப்பிய வழித்தோன்றலாக இருக்கவேண்டும் என்னும் விதி புகுத்தப்பட்டதால் ஆசியர்க்குக் கதவு அடைபட்டது. மலாய்க்காரர்க்கெனக் கீழ்நிலைப் பணித் திட்டம் ஒன்று 1910இல் வந்தது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் ஆசியர்க்குரிய தனிப் பணி 1934இல் வந்தது. மலாயாக் குடிமைப் பணி மலாய்க்காரரல்லாதார்க்கு நால்வருக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் 1953இல் திறக்கப்பட்டது. தமிழ் இங்கும் துரைமார் எழுதிய தேர்வாகவே இருந்தது. தொழிலாளர் துறைக்கு ஒதுக்கப்பட்ட ஆங்கில அலுவலர் தமிழ் கற்றுத் தேர்வெழுதினர். அதற்கெனச் சிலர் தமிழகத்திற்கும் அனுப்பப்பட்டனர். தோட்டங்களின் மேலாளர்களும் தமிழ்த் தேர்வு எழுதினர். தொழிலாளியின் முறையீட்டைக் கேட்பதற்கும் அவனுக்குக் கட்டளையிடுவதற்கும் வேண்டிய அளவு தமிழ் அது. இன்று மலேசியாவின் நிருவாக, அரசதந்திரப் பணிக்கான தேர்வு மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைகிறது. தமிழுக்கு அதில் இடமில்லை. ஆகவே, ஆசிரியர் கேட்ட வினாவுக்கு விடை தேட நாம் இந்தியாவுக்கே திரும்பவேண்டும்.

இன்றைய இந்தியத் தேர்வும் அதில் தமிழும்

விடுதலைக்குப் பின்னும் ஆங்கிலமே குடிமைப் பணித் தேர்வின் மொழியாகத் தொடர்ந்தது. கோத்தாரிக் குழு 1976இல் அளித்த பரிந்துரைகளின்படி 1979 முதல் முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என்னும் மூன்று படிகள் அமைந்தன. முதன்மைத் தேர்வின் விடைகளை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் எழுதும் உரிமையும் முழுமை பெற்றது.

2013இல் திருத்தப்பட்ட வடிவில் முதன்மைத் தேர்வு இவ்வாறு உள்ளது. இந்திய மொழித் தாள் ஒன்று, ஆங்கிலத் தாள் ஒன்று. இவை 300 மதிப்பெண் கொண்டவை எனினும் நூற்றுக்கு 25 பெற்றுத் தேறினால் போதும், வரிசைக் கணக்கில் சேரா. சேர்பவை கட்டுரைத் தாள் ஒன்று, பொது அறிவுத் தாள்கள் நான்கு, விருப்பப் பாடத் தாள்கள் இரண்டு. தாளுக்கு 250 வீதம் 1750. நேர்காணல் 275. ஆக 2025 மதிப்பெண்ணில் வரிசை அமைகிறது. 2022ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 11 லட்சத்து 35 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரே முதனிலைத் தேர்வு எழுதினர். 13,090 பேர் முதன்மைத் தேர்வுக்கும் 2,529 பேர் நேர்காணலுக்கும் சென்றனர். பரிந்துரைக்கப்பட்டவர் 933 பேர். இவ்வெண்களைக் கண்டபின், தமிழ் படித்தால் ஆட்சியர் ஆகலாம் என்று எவரும் மாணவரிடம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

தமிழ் இத்தேர்வில் மூன்று இடங்களில் வருகிறது: தேறினால் போதும் என்னும் மொழித் தாளாக, விடை எழுதும் மொழியாக, இலக்கிய விருப்பப் பாடமாக. முதலாவது பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. இரண்டாவதில்தான் சிக்கல் உள்ளது. விடையைத் தமிழில் எழுதலாம். ஆனால் இலக்கியத் தாள்கள் நீங்கலாக ஏனைய வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. இந்தி வழியில் எழுதுபவர் வினாவைத் தம் மொழியிலேயே படிக்கிறார். தமிழ் வழியில் எழுதுபவரோ ஆங்கிலத்தில் படித்து, மனத்துக்குள் மொழிபெயர்த்து, தமிழில் வரைகிறார். மூன்று மணி நேரத்தில் இவர் இரு வேலை செய்கிறார். கலைச்சொல்லுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆங்கில வடிவைத் தரலாம் என ஆணையம் இசைவளித்துள்ளது. அந்தச் சிறு சலுகையின் பின்னால் பெரிய அச்சம் ஒன்று மறைந்திருக்கிறது: தாம் எழுதும் கலைச்சொல்லைத் திருத்துபவர் அறிவாரா? ‘சமயச்சார்பின்மை’ என்பதா, ‘மதச்சார்பின்மை’ என்பதா? ‘மத்திய அரசு’ என்பதா, ‘ஒன்றிய அரசு’ என்பதா? 2021க்குப் பின் இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தேர்வதே ஓர் அரசியல் நிலைப்பாடாகக் கருதப்படலாயிற்று. கலைச்சொல் நிலைபேறின்மை என்று நாம் கருத்தரங்குகளில் பேசும் பொருள், தேர்வறையில் ஒருவரின் வாழ்வைத் தொடுகிறது.

நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையில் தங்கியிருந்த ஆண்டுகளில் விடுதியில் அடுத்த அறையில் இருந்தவர் இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். இராமநாதபுர மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர், பள்ளிக் கல்வி முழுதும் தமிழ் வழி, பட்டம் இயற்பியலில். அவர் விருப்பப் பாடங்களுள் ஒன்றாகத் தமிழ் இலக்கியத்தை எடுத்திருந்தார். இயற்பியலை ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம். கல்லூரியில் இயற்பியலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததாகவும், தமக்குப் புரிந்து படித்தது தமிழ் மட்டுமே என்றும் சொன்னார். அவருடைய பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தது முதற்கொண்டுதான் இப்பொருளில் நமக்கு ஈடுபாடு ஏற்பட்டது.

அந்தப் பாடத்திட்டமே இன்றளவும் உள்ளது. முதல் தாளில் திராவிட மொழிகளுள் தமிழின் இடம், வேற்றுமை உருபும் கால இடைநிலையும் மாறிவந்த வரலாறு, வட்டார வழக்கும் சமூகக் கிளைமொழியும், தொல்காப்பியம் தொடங்கிப் புதுக்கவிதை வரையிலான இலக்கிய வரலாறு, உள்ளுறை, இறைச்சி, படிமம், அங்கதம் முதலிய உத்திகள், நாட்டுப்புற இலக்கியம், பண்பாட்டு வரலாறு ஆகியவை அடங்கும். இரண்டாம் தாள் நூல்களுக்கு உரியது. குறுந்தொகையில் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, திருக்குறளில் இறைமாட்சி முதல் அவையஞ்சாமை வரை, சிலம்பில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம், திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம், திருப்பாவை முழுதும். இக்காலப் பகுதியில் பாரதியின் கண்ணன் பாட்டு, பாரதிதாசனின் குடும்ப விளக்கு, நா. காமராசனின் கறுப்பு மலர்கள், மு.வ.வின் அறமும் அரசியலும், அண்ணாவின் ஏ தாழ்ந்த தமிழகமே, அகிலனின் சித்திரப்பாவை, ஜெயகாந்தனின் குருபீடம், சோவின் யாருக்கும் வெட்கமில்லை. நாட்டுப்புறப் பகுதியில் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையும் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த மலையருவியும்.

இதை வகுத்தவர் யாராயினும், எதிர்கால அலுவலரை மனத்திற் கொண்டே வகுத்துள்ளனர் என்பது புறநானூற்றுப் பகுதியைக் கண்டால் விளங்கும். 183ஆம் பாடல் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனுடையது. ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடையவனையே அரசும் நாடும் என்பது அதன் கருத்து. பிறப்பால் கீழாக எண்ணப்பட்டவன் கற்றால், மேலிருப்பவன் அவனை நாடி வருவான் என்றும் அப்பாடல் செல்கிறது. தேர்வறையில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது வெறும் பாடப்பகுதி அன்று. அடுத்துள்ள 184ஆவது பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானை தானே வயலில் புகுந்தால் வாயில் புகுவதைவிடக் காலில் அழிவதே மிகும். வரி தண்டும் முறைக்கு இதனினும் தெளிவான பாடம் வருவாய்த் துறைப் பயிற்சி நூல்களில் இருக்குமா என்பது ஐயமே. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற பாடல் 192. அதன் முதல் வரியோடு நின்றுவிடும் மேடைப் பேச்சாளரைப்போல இத்தேர்வு எழுதுபவர் நின்றுவிட முடியாது. பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்னும் முடிவுவரை அவர் விளக்கியாகவேண்டும்.

குறட்பகுதி இன்னும் வியப்புக்குரியது. 39 முதல் 73 வரையுள்ள 35 அதிகாரங்களில் தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் அடங்குகின்றன. இவை அலுவலரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றியவை. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழியால் ஒருவனை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அரசன் அறியாதவாறு அமைத்து நடத்தும் மறைமுகச் சோதனைகளாகப் பரிமேலழகர் இவற்றை விரிப்பார். பின்னர் வள்ளுவரே, எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்பும் வினையில் இறங்கியபோது வேறுபட்டுப் போகும் மாந்தர் பலர் என்கிறார். தேர்வு எழுதுபவர் தேர்வின் குறைபாட்டைப் பற்றியே தேர்வில் எழுதுகிறார். இப்படியொரு பாடப்பகுதி அத்தேர்வின் வேறெந்தத் தாளிலேனும் உண்டா என நாம் ஐயுறுகிறோம்.

குறைகளையும் சொல்லவேண்டும். இடைக்காலத் தமிழின் மொழி வரலாறு பல்லவர் காலத்தோடு நிற்கிறது. கல்வெட்டுத் தமிழின் செழுமையான சோழர் காலம் விடுபட்டுள்ளது. இக்காலப் பகுதியில் ஒரு பெண் படைப்பாளிகூட இல்லை. பெண் குரல் சங்கப் புலவரிலும் ஆண்டாளிலும் முடிந்துவிடுகிறது. தமிழகத்திற்கு வெளியே எழுதப்பட்ட தமிழுக்கு நூற்பட்டியலில் இடமேயில்லை. ஈழத்து நாவலும் இல்லை, மலேசியச் சிறுகதையும் இல்லை. நம் நாட்டுத் தோட்டத் தமிழர் வாழ்வைப் பால்மரக் காட்டினிலே என்னும் நாவலாக எழுதியவர் அகிலன். பாடத்திட்டமோ 1975ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்ற சித்திரப்பாவையையே எடுத்துக்கொண்டது. வெளியுறவுப் பணியாளரையும் இதே தேர்வுதான் தேர்ந்தெடுக்கிறது. கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் செல்லக்கூடிய ஓர் அலுவலர் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாகப் படித்தும் அந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் ஒருவரையும் அறியாமல் வரலாம்.

வேறொரு குறை பாடத்திட்டத்தினுடையதன்று, பயிற்சி முறையினுடையது. எட்டு வினாக்களில் ஐந்தை மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டும் என்பதால் இலக்கியம் குறிப்பேடாகச் சுருங்குகிறது. நம் விடுதி நண்பர் சித்திரப்பாவையைப் பன்னிரண்டு பக்கச் சுருக்கத்தில்தான் படித்திருந்தார். நூலகத்திலிருந்து முழு நாவலையும் எடுத்துக் கொடுத்தோம். தேர்வு முடிந்ததும் படிப்பதாகச் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அதே மனிதர் நள்ளிரவில் கதவைத் தட்டி, குறுந்தொகைப் பாடல் ஒன்றில் உள்ளுறை எங்கே முடிகிறது, இறைச்சி எங்கே தொடங்குகிறது என்று வாதிட்டதும் உண்டு. தேர்வு இலக்கிய வாசிப்பைக் கெடுக்கிறது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல அதனால்தான் நமக்கு மனம் வரவில்லை.

2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்த வாசல் ஏறக்குறைய மூடப்பட்டது. அவ்வாண்டுத் தேர்வு அறிவிக்கை இரு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு மொழியின் இலக்கியத்தை அம்மொழி இலக்கியத்தில் பட்டம் பெற்றவரே விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஒரு வட்டார மொழியில் விடை எழுத வேண்டுமானால் பட்டப் படிப்பை அம்மொழி வழியில் முடித்திருக்க வேண்டும், அவ்வாறு எழுதுவோர் குறைந்தது 25 பேராவது இருக்க வேண்டும். ஆங்கிலத்திற்கும் இந்திக்கும் இத்தகைய வரம்பு இல்லை. இயற்பியல் பட்டதாரிக்குத் தமிழ் இலக்கியமும் போயிற்று. ஆங்கில வழிக் கல்லூரியில் படித்தவர்க்குத் தமிழில் எழுதும் உரிமையும் போயிற்று. அறிவிக்கை வந்த அன்று விடுதியின் உணவுக்கூடத்தில் நிலவிய அமைதி நமக்கு நன்கு நினைவிருக்கிறது. தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களின் எதிர்ப்பும் நாடாளுமன்ற அமளியும் எழுந்தன. அம்மாதத்திற்குள்ளேயே அவ்விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆயினும் முதனிலைத் தேர்வு என்னும் முன்வாசல் வேறு வகையில் குறுகியிருந்தது. 2011இல் புகுத்தப்பட்ட திறனறி தாள், நீண்ட உரைப் பகுதிகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்து விடையளிக்கச் செய்தது. அதன் மதிப்பெண்ணும் வரிசையில் சேர்ந்தது. 2014இல் மாணவர் போராட்டம் வெடித்த பின்னரே, 2015 முதல் அது நூற்றுக்கு 33 பெற்றுத் தேறினால் போதும் என்னும் தாளாக மாற்றப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ் வழி மாணவர் பலர், தமிழில் எழுதும் முதன்மைத் தேர்வை எட்டிப் பார்க்காமலே வெளியேறினர். நம் நண்பரும் அவர்களுள் ஒருவர். மும்முறை எழுதினார், மும்முறையும் முதனிலையிலேயே நின்றார்.

மாநிலத் தேர்வாணையம்

அவருக்கு எஞ்சியிருந்த வழி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். இதன் முன்னோடியான சென்னைப் பணியாளர் தேர்வாணையம் 1929இல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகத் தோன்றியது. இங்குத் தமிழின் நிலை வேறு. வினாத்தாள் தமிழிலும் உண்டு. தமிழ் வழியில் படித்தோர்க்கு 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது; கல்லூரியில் மட்டும் தமிழ் வழி என்று காட்டி அதனைப் பெறுவதைத் தடுக்க, பள்ளிக் கல்வியும் தமிழ் வழியில் இருக்கவேண்டும் என 2020இல் திருத்தப்பட்டது. முன்பு தமிழறியாதவரும் தேர்வில் வென்று பணியில் சேர்ந்து, குறித்த காலத்துக்குள் தமிழ்த் தேர்வில் தேறிக்கொள்ள முடிந்தது. எல்லிஸ் கல்லூரியின் பழைய முறை அதுவே. 2021 திசம்பரில் பிறந்த அரசாணை அம்முறையைத் தலைகீழாக்கியது: தமிழ்த் தாளில் நூற்றுக்கு 40 பெறாதவரின் ஏனைய விடைத்தாள்கள் திருத்தப்பட மாட்டா.

பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதப்படும் நான்காம் தொகுதித் தேர்வில் இதன் வீச்சைக் காணலாம். 2022இல் 7,300 இடங்களுக்குச் சற்று மேல் அறிவிக்கப்பட்டபோது 22 லட்சத்தை ஒட்டியோர் விண்ணப்பித்தனர். இருநூறு வினாக்களில் நூறு தமிழுக்குரியவை. தமிழகப் பேருந்துகளில் பள்ளித் தமிழ்ப் பாடநூலை மடியில் விரித்துப் படிக்கும் நடுவயதினரை நாம் காண்பது இதனால்தான். பிழை திருத்துதல், சொற்பொருள், நூலாசிரியர் பெயர், அடைமொழியால் குறிக்கப்பெறும் சான்றோர் என அமையும் அவ்வினாக்கள் மொழியாற்றலை அளப்பதாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் நினைவாற்றலையே அளக்கின்றன. நான்கு விடைகளுள் ஒன்றைக் கருமையாக்கும் தேர்வில் ஒருவர் ஒரு வாக்கியமேனும் தமிழில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. கோப்பு எழுதப்போகும் எழுத்தரைத் தேர்ந்தெடுக்கும் வழி இதுவாக இருப்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் இத்தனை லட்சம் விடைத்தாள்களைத் திருத்துவது எங்ஙனம் என்று கேட்டால் நம்மிடமும் விடையில்லை.

நம் நண்பர் இரண்டாம் தொகுதித் தேர்வில் தேறி, வருவாய்த் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார்; இப்போது துணை வட்டாட்சியர். சென்ற ஆண்டு ஆய்வுப் பணியாகச் சென்றபோது அவரை அவருடைய அலுவலகத்தில் சந்தித்தோம். திங்கட்கிழமை, மனுநீதி நாளின் மனுக்கள் கட்டுக்கட்டாக மேசையில் இருந்தன. படித்த இலக்கியத்தில் எது பயன்பட்டது என்று கேட்டோம். புறநானூற்றையோ குறளையோ சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் முதல் தாளின் வட்டார வழக்குப் பகுதியைச் சொன்னார். பின்னர் ஒரு மனுவை எடுத்து நீட்டி, எழுதத் தெரியாத கிழவி ஒருத்தி சொல்லச் சொல்லப் பேரன் எழுதியது என்றும், அதிலுள்ள ஒரு சொல்லால் கீழ்நிலை அலுவலர் நிலத்தின் எல்லையைத் தவறாகப் புரிந்துகொண்டு மனுவைத் தள்ளிவிட்டார் என்றும், அச்சொல் கடலோர ஊர்களில் வேறு பொருள் தரும் என்றும் விளக்கினார். மனு மறு அளவைக்கு அனுப்பப்பட்டிருந்தது. நாம் விடைபெறும் வேளையில், சித்திரப்பாவையை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்றார்.